ஏணிக்காரர் வாடகை வசூலித்த விதம்

ஆதி காலம் முதல் இன்றுவரை வீட்டை வாடகைக்கு விட்டவர்களை எல்லாம் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, "இதில் வாடகை கேட்க வாயே வராத ஆள் யார், காட்டு" என்று யாராவது என்னைக் கேட்டால், நான் வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். நேரே போய்க் கொல்லங்கோட்டு ஏணிக்காரரின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டிவிடுவேன். இரண்டாம் பரிசு என்று ஒன்று வைத்தால் அதையும் அவருக்கே கொடுக்கவேண்டியிருக்கும். அவருக்கு அடுத்தபடியாக நிற்கிறவர் அவ்வளவு தூரத்தில் நிற்பார்.

அவருடைய பெயர் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பிற்பாடு பேங்க்காரர்கள் சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். தெரிந்த பிறகும் யாரும் அந்தப் பெயரை உபயோகிக்கவில்லை. வலது தோளில் எப்போதும் ஒரு மூங்கில் ஏணி. இடுப்பில் சுத்தியல். வாயில் நாலைந்து ஆணி. வெற்றிலை போடுகிறவர்கள் வாயை நிறைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் தப்பிப்பார்கள் அல்லவா, அதே வேலையை இவர் ஆணியை வைத்துக்கொண்டு செய்வார். குடியிருப்பவன் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வருகிற சத்தம் கேட்டால் போதும், சட்டைப்பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து உதட்டில் இடுக்கிக்கொள்வார். வாயில் ஆணி இருக்கும்போது வாடகை கேட்க முடியாதே!

அவருக்குச் சொந்தமாக இருந்தது பொள்ளாச்சி ரோட்டில் வரிசையாக நாலு ரூம் கொண்ட ஒரு லைன் வீடு. அது வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் பெரிய ஃபாக்டரி ஒன்று வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. யாரோ நாலு பேர் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நிலத்தை அளந்தார்கள். சிவப்புப் பெயின்ட் அடித்த முளைக்குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான், கள்ளிச்செடி முளைத்த நிலமெல்லாம் தங்க விலைக்குப் போயிற்று. அதுவரை கடலைக்காய் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த ஏணிக்காரர், பாலக்காட்டு டவுனில் ஒரு பேங்க்கில் கடன் வாங்கி, அந்தத் தங்க விலைக்கே ரோட்டோரம் ஒரு துண்டு நிலம் வாங்கி, அதில் நாலு ரூம் கட்டி, நிலத்தையும் ரூம்களையும் அதே பேங்க்கில் ஈடாக வைத்தார். ஃபாக்டரி வேறு எந்த ஊருக்கோ போய்விட்டது. முளைக்குச்சிகளில் ஆடு கட்டினார்கள். நிலத்தின் விலை பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது, கடன் மட்டும் வாங்கின இடத்திலேயே நின்றது. நான் அங்கே குடிபோன சமயத்தில் அந்த வீட்டை மொத்தமாக விற்றாலும் கடனில் பாதிதான் தீரும். டைலர் இதை அழகாகச் சொல்லுவார். "நம்ம ஏணிக்காரருக்கு ஊட்டைவிடக் கடன் ஒசரமுங்க. அந்த ஏணி எட்டாது."

டைலர் முதல் ரூமில் மனைவி, மகள், தையல் மெஷின் சகிதம் இருந்தார். இரண்டாவது ரூமில், ரைஸ் மில்லில் கிளார்க்காகச் சேர்ந்திருந்த கல்யாணமாகாத நான். மூன்றாவதில் சரசக்கா. புருஷன் லாரியோடு பம்பாய், கல்கத்தா என்று போய்விட, வாசலில் இட்லிக்கடை போட்டிருந்தாள். கடைசி ரூமில் பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுக்கும் மாஷ். ஏணிக்காரர் மனைவியை இழந்தவர். ஒரே மகளைக் கிணத்துக்கடவுப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டு, லைனுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த ஒரு சாளையில் தனியாக இருந்தார்.

ரூம் பார்க்கப் போன அன்று, "வாடகை எவ்வளவுங்க?" என்று நான் கேட்டதும் அவர் முகம் சிவந்துபோயிற்று. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையைப் பாடச் சொன்ன மாதிரி நெளிந்தார்.

"அது வந்துங்க தம்பி... நம்ம டைலரு சொல்லுவாருங்க" என்று சொல்லி, ஏணியைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

டைலர் மெஷினை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார். "இருவது ரூவாங்க தம்பி. மாசம் பொறந்து அஞ்சு தேதிக்குள்ள. இங்க எல்லாத்துக்கும் அதே வெலைதானுங்க." பதினாலு மாதமாக ஒரு பைசா கொடுக்காத மனிதர் அவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவ்வளவு கம்பீரமாகச் சொன்னார்.

நான் பயந்த சுபாவம். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதியே இருபது ரூபாயைக் கொண்டுபோய்ச் சாளையில் கொடுத்துவிடுவேன். அவர் அதை வாங்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மழைக்காலம் வந்ததும் எனக்கு அந்த நல்ல எண்ணம் கரைய ஆரம்பித்தது. என் ரூமில் மூன்று இடத்தில் ஒழுகிற்று. ஒரு குண்டா, ஒரு சொம்பு, ஒரு டம்ளர் என்று கையில் இருந்த பாத்திரங்களை எல்லாம் தரையில் பரப்பிவிட்டு, பாலை எதில் வாங்குவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் டைலர் ரூமுக்குப் போனால் வயிறு எரிந்தது. புதுக் கதவு. ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ட். செங்காவி போட்ட சிமென்ட் தரை. மெஷின் வைக்க உயரமாக ஒரு மேடை. ஆறு மாதம் பாக்கி வைத்திருந்த சரசக்காவுக்குப் புதுப் புகைபோக்கியும் மூன்று கண் அடுப்பும். நாலு மாதம் பாக்கி வைத்திருந்த மாஷுக்குப் புத்தகம் அடுக்கச் சுவரில் பலகை. பைசா பாக்கியில்லாத எனக்கு ஒரு டம்ளர் மழைத்தண்ணீர்.

நேரே சாளைக்குப் போய் வெடித்துவிட்டேன். "ஏனுங்கண்ணா, இது நியாயமுங்களா? ஒழுங்கா வாடகை குடுக்கறவன் ரூம் ஒழுகுது, குடுக்காதவங்க ரூமெல்லாம் அரமனையாட்ட இருக்குது!"

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் ஒண்ணாந்தேதியே குடுத்துப்போடறீங்களே தம்பி. அப்பறம் நா எதச் சொல்லிக்கிட்டுங்க உங்க ஊட்டுக்கு வாரது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரால் வாயைத் திறந்து வாடகை கேட்க முடியாது. ஆனால் கேட்டாகவும் வேண்டும், பேங்க் தவணை கட்டவேண்டுமே. ஆகவே ஐந்தாம் தேதி தாண்டியும் வாடகை வரவில்லை என்றால், அவர் ஏணியோடு வந்து அந்த ரூமின் கூரையில் ஏறி டொக் டொக் என்று எதையாவது தட்டுவார். அதுதான் அவர் வாடகை கேட்கிற விதம். இன்னும் கொடுக்கவில்லை என்றால் அடுத்த மாதம் இன்னும் பெரிய ரிப்பேர். பாக்கி ஏற ஏற வீடு அழகாகும். இதை மூன்று குடும்பங்களும் நன்றாகப் புரிந்துகொண்டு, மனச்சாட்சிக்கு விரோதம் இல்லாமல், சந்தோஷமாகப் பாக்கி வைத்துக்கொண்டிருந்தன.

"அப்ப உங்க சாளை மட்டும் ஏனுங்க இப்படி ஒழுகுது?" என்று கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அவரும் ஒரு சட்டியை வைத்திருந்தார்.

"என்ற சாளைக்கு ஆருமே வாடகை பாக்கி வெக்கலீங்களே" என்றார்.

அடுத்த மாதம் நானும் துணிந்துவிட்டேன். இருபது ரூபாயை டிரங்க் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். ஆறாம் தேதி விடிந்ததும் என் கூரைமேல் டொக் டொக். எனக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. உடைந்த ஓடுகளைக் கழற்றிக் கீழே அடுக்கினார், ஓட்டைத் தாங்குகிற, உளுத்துப்போன ரீப்பர் கட்டைகளைப் பிடுங்கினார். நன்றிப் பெருக்கில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஏணியில் பாதி ஏறி, "இந்தாங்கண்ணா வாடகை" என்று நோட்டை நீட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. நோட்டை வாங்கி மடியில் செருகினார். விறுவிறுவென்று இறங்கினார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேலை முடிந்துவிட்டதாம்! அன்று சாயங்காலம் பெய்த மழையில் நான் குடை பிடித்துக்கொண்டு என் ரூமுக்குள்ளேயே நின்றேன்.

"வேலை முடியற வரைக்கும் காசக் கண்ணுல காட்டப்படாதுங்க தம்பி" என்று டைலர் புத்திமதி சொன்னார். அடுத்த மாதம் அப்படியே செய்துதான் என் கூரை முழுசாயிற்று. டைலர் இதில் கரைகண்டவர். மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மனைவியிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது: "ஒரம்பரை வர்றதுக்குள்ள ஊட்டுக்கு வெள்ளை அடிக்கோணும். இந்த மாசமும் வாடகை குடுத்துப்போடாத, பாத்துக்க."

மார்கழி பிறந்தால் ஏணிக்காரருக்குத் தனி வேலை வந்துவிடும். பாலக்காட்டுப் பக்கம் மலைத்தொடரில் இருக்கிற பெரிய இடைவெளி வழியாகக் கிழக்குக் காற்று எங்கள் ரோட்டுக்குப் பாய்ந்துவரும். சரசக்காவின் இட்லித்துணி மாஷின் தலையில் போய் விழும். ஓடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். அப்போது ஏணிக்காரர் மேலே குப்புறப் படுத்துக்கொண்டு, ஓடுகளைக் குழந்தையை அணைக்கிற மாதிரி அணைத்துப் பிடித்துக்கொண்டிருப்பார். சரசக்கா கீழேயிருந்து, "ஏனுங்கண்ணா, எறங்கி ரெண்டு இட்லி தின்னுபோட்டுப் போங்க!" என்று கத்துவாள். அவர் இறங்கிவந்து தின்றுவிட்டு அதற்குக் காசு வைத்துவிட்டுப் போவார். ஆறு மாதம் வாடகை பாக்கி வைத்தவளுக்கு! அவள் அதையும் வாங்கிக்கொள்வாள். எங்களில் யாரும் ரொம்ப யோக்கியர்கள் இல்லை.

நான் குடிவந்த இரண்டாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலையில், பேன்ட் போட்ட ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் டேப், அட்டையில் செருகிய காகிதம். மாஷ் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். ஏணிக்காரர் கிணத்துக்கடவுக்கு மகளைப் பார்க்கப் போயிருந்தார். பேங்க்கிலிருந்து வந்த எஞ்சினீயர் என்றார் அவர். சுவரை அளந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். தரையைக் காலால் தட்டினார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. டைலர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். எங்களை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அட, இது தெரியலீங்களா? நம்ம ஏணிக்காரரு பேங்க்குல பாக்கி வெச்சிருக்காரல்லொ? அதுக்குத்தான் ரிப்பேர் பண்ணித் தர ஆளு அனுப்பிச்சிருக்கறாங்க!"

இப்போது சிரிக்கிறீர்கள். இரண்டு வருஷம் அந்த லைன் வீட்டில் இருந்து பார்த்திருந்தால் நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். பாக்கி வைத்தால் ரிப்பேர் செய்ய ஆள் வரும் என்பது எங்களுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது போலத்தான். அதுவும் பேங்க் என்றால் பெரிய இடம். பெரிய ரிப்பேராகத்தான் இருக்கும்.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். "சார், இந்த மூலைல ஒழுகுதுங்க, எழுதிக்கங்க!" என்றார் டைலர். "அய்யோ சார், இந்தச் செவுரப் பாருங்க, தொட்டா வந்துருமுங்க" என்று சரசக்கா சுரண்டியே காட்டினாள். நான் மட்டும் சும்மா இருந்தேனா? என் ரூமின் பின்பக்கம் கரையான் புற்று இருக்கிறது என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இல்லாத ஒழுகலையும் சேர்த்துச் சொன்னோம். அந்த மனிதர் மலையாளத்தில், "இவிடெயும் சோர்ச்சயா?" என்று ஒவ்வொரு ஒழுகலுக்கும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே எழுதினார். போகும்போது சரசக்கா அவருக்குக் காசு வாங்காமல் நாலு இட்லி வேறு கொடுத்தாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு நான் மில்லுக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்துச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். முழுக்க மலையாளம். எனக்கும் டைலருக்கும் பேசத்தான் வரும், வாசிக்க வராது. சாயங்காலம் மாஷ் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

"இது லேல நோட்டீஸாக்கும். அடுத்த மாசம் இருபதாந்தேதி இந்த வீட்டை லேலம் விடுறாங்க."

அந்தப் பக்கத்தில் ஏலத்துக்கு லேலம் என்றுதான் சொல்வோம். கீழே, வீடு எவ்வளவு பெறும் என்று எஞ்சினீயர் போட்ட மதிப்பும், அதற்கான காரணங்களும் இருந்தன. பத்தொன்பது குறைகள். ஒவ்வொன்றும் எங்கள் வாயால் சொன்னது. என் கரையான் புற்று ஏழாவதாக இருந்தது. கடனில் பாதி பெறும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த வீடு, எங்கள் உபகாரத்தால் கால்வாசிக்கு இறங்கியிருந்தது.

ஏணிக்காரர் ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஏணியை வைத்து டைலர் கூரையில் ஏறி, ஓட்டுக்கும் ரீப்பருக்கும் நடுவிலிருந்து பழுப்புக் கவர்களாக உருவி எடுத்தார். மொத்தம் எட்டு. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "பேங்க்குலிருந்து வந்ததுங்க" என்றார். "என்னத்தக் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. கேக்கறது அவியளுக்கும் சங்கட்டமா இருக்குமல்லங்க, அதான் நா மாஷைப் படிக்கச் சொல்லல."

டைலர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அண்ணா, அந்தப் பத்தொம்பதையும் சொன்னது நாங்கதானுங்க" என்று ஒப்புக்கொண்டார். ஏணிக்காரர் எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் மாஷிடம் திரும்பினார். "மாஷ், அந்தப் பத்தொம்பதும் எந்தெந்த எடம்னு எனக்கு ஒரு சீட்டுல தமிழ்ல எழுதிக் குடுங்க. இத்தன ஒழுகலு எனக்குத் தெரியாமயே போச்சே!"

மறுநாளிலிருந்து ஒன்று, இரண்டு என்று வரிசைப்படி அடைக்க ஆரம்பித்தார். இல்லாத ஒழுகலையும் நாங்கள் சேர்த்துச் சொல்லியிருந்ததால் அவர் ரொம்பச் சிரமப்பட்டார். நாலாவது ஒழுகலை ஒரு நாள் முழுக்கத் தேடினார். டைலர் அழாத குறையாகச் சொன்னார். "ஏனுங்கண்ணா, நீங்க சரி பண்ணப் பண்ண லேலத்துல எவனாச்சும் வந்து எடுத்துப்போடுவானுங்க. உடுங்கண்ணா, ஒழுகட்டும்!"

"ஒழுகற ஊட்ட எப்படீங்க ஒருத்தங்க கையில குடுக்கறது?" என்றார் ஏணிக்காரர், வாயில் ஆணியோடு.

அந்த மாதம் நாங்கள் மூன்று வீட்டுப் பாக்கியையும் புரட்டப் பார்த்தோம். எல்லாம் சேர்ந்தும் பேங்க் கேட்ட தொகையின் காலடியில்கூட நிற்கவில்லை. வீடு போனால் அவருக்குச் சாளையும் போகும், அதுவும் அதே நிலத்தில்தான் இருந்தது. அந்த வயதில் ஏணியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

இருபதாம் தேதி காலை. பேங்க் மேனேஜரே வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் ஒரு மேஜை. ஏலம் எடுக்க வந்தவர் ஒரே ஒருவர்தான். பொள்ளாச்சிக்காரர், கழுத்தில் சங்கிலி, புல்லட்டில் வந்திருந்தார். மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்தார். வீட்டைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தார். தாளில் பத்தொன்பது ஓட்டை. எதிரே சுண்ணாம்பு அடித்த, ஒரு ஓடு விலகாத வீடு. பொள்ளாச்சிக்காரருக்கு வாயெல்லாம் பல். பாதி விலைக்கு முழு வீடு!

ஏலம் ஆரம்பிக்கும் முன்பு அவர் எங்களிடம் வந்தார். "என்னப்பா, வாடகையெல்லாம் ஒழுங்கா வந்துருதா?"

நாங்கள் ஏற்கெனவே பேசிவைத்துக்கொள்ளவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். டைலர் உண்மையைத்தான் சொன்னார்.

"வாடகைங்களா? நா மூணு வருசமாக் குடுக்கலீங்க."

"காலி பண்ணச் சொல்லலியா?"

"அதெப்படீங்க? நாங்க குடுக்காட்டி ஓனரு வந்து ஊட்டை ரிப்பேர் பண்ணித் தரோணுமுங்க. அதுதானுங்க இங்க வழக்கம். வேணும்னா இந்தத் தம்பியக் கேளுங்க."

"ஆமாங்க" என்றேன். "நான் மட்டும் ஒழுங்கா குடுத்துப் பார்த்தேன். ஒழுக ஆரம்பிச்சுருச்சு."

சரசக்கா இட்லிக் கரண்டியோடு முன்னால் வந்தாள். "எனக்கு அடுத்த மாசம் தண்ணித்தொட்டி ஒண்ணு வேணுமுங்க. நீங்கதான் புது ஓனரா? ஏணி வெச்சிருக்கறீங்களா?"

பொள்ளாச்சிக்காரர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் விளையாடுகிறோமோ என்று சந்தேகப்பட்டு அவர் மாஷைப் பார்க்க, மாஷ், "சரியாணு" என்று வாத்தியார் தோரணையில் தலையை ஆட்டினார். அந்த ஒரு ஆட்டலில் காரியம் முடிந்தது. புல்லட் கிளம்பிய சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன.

ஏலம் கேட்க ஆளில்லை. மேனேஜர் மேஜையைத் தட்டிவிட்டு எழுந்தார். அப்போதுதான் அவருக்குக் கூரையிலிருந்து டொக் டொக் கேட்டது.

"ஆரா அது மேலே?"

"அவருதானுங்க ஓனரு" என்றார் டைலர். "பத்தொம்பதாவது ஒழுகலு அடைக்கறாருங்க."

மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் நாலு படி ஏறினார். இரண்டு பேரும் ஓட்டுமேல் முகத்துக்கு முகம் பார்த்தார்கள். ஏணிக்காரர் பழக்க தோஷத்தில் சட்டென்று இரண்டு ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டார். ஆக, கடன் கொடுத்தவர் கேட்கவில்லை, வாங்கியவர் பேசவில்லை. மேனேஜர் அடைத்த கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"இந்த வீட்டை எடுக்க ஆளில்லை" என்றார் எங்களிடம், கஷ்டப்பட்ட தமிழில். "எடுத்தாலும் இவரைப்போலப் பாத்துக்க ஆளில்லை. பூட்டிப்போட்டா ஒரு மழையில விழும், எனக்கு என்ன கிட்டும்? தவணையைச் சின்னதா ஆக்கித் தாரேன், வருஷம் கூடுதலாத் தாரேன். ஆனா வாடகை நேரே பேங்க்குக்கு வரணும். நாலு பேரும் ஒப்பு போடணும்."

மாஷ் எழுதினார். நாங்கள் நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். சரசக்கா தன் பெயரை அவ்வளவு அழகாக எழுதுவாள் என்பது அன்றுதான் தெரிந்தது. மேலே இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னபோது வாயிலிருந்த ஆணிகளைக் கையில் எடுத்துவிட்டு, "அப்படீங்களா" என்றார். முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார், வியர்வை என்றுதான் நாங்கள் எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நாங்கள் சொக்கத் தங்கங்களாக இருந்தோம். ஒன்றாம் தேதி மாஷ் எல்லோரிடமும் வசூலித்து பேங்க்கில் கட்டிவிடுவார். ரசீது சாளைக்குப் போகும். கொடுத்தால் ஏணி வராது என்று தெரிந்தும் டைலர் பழைய பாக்கியில் மாதம் அரை வாடகை சேர்த்துக் கட்டினார். அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய தியாகம் ஒன்று நடந்ததாக எனக்குத் தெரியாது.

ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை. ஐந்தாம் தேதி வரும், போகும். கூரையில் சத்தம் கிடையாது. ஏணிக்காரர் சாளை வாசலில் ஏணியைச் சாய்த்துவைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் தானும் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ஷேவ் செய்துகொள்வதில்லை. சரசக்கா இட்லி சாப்பிடக் கூப்பிட்டால், "அங்க வேலை ஒண்ணுமில்லீங்களே அம்மிணி" என்பார். வேலை இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது அவருக்குத் தெரியாது.

நாலாம் மாதம் சரசக்காதான் வாயைத் திறந்தாள். "ஏனுங்க மாஷ், இந்த மாசம் என்ற பங்கு ஆறாந்தேதி தாறனுங்க. கையில இருக்குது. இருந்தாலும் ஆறாந்தேதி தாறன்."

மாஷ் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம். அந்த மாதம் சாளைக்கு மூன்று பேர் ரசீதுதான் போயிற்று.

ஆறாம் தேதி விடிகாலை சரசக்காவின் கூரையில் டொக் டொக். நான் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து கேட்டேன். டைலர் வீட்டுக் கதவு திறந்தது. மாஷ் பல்பொடியோடு வெளியே வந்தார். மேலே ஏணிக்காரர், புதிதாக ஷேவ் செய்த முகத்தோடு, நன்றாக இருந்த ஓடு ஒன்றைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு முறை வைத்துக்கொண்டோம். ஒரு மாதம் டைலர், ஒரு மாதம் நான், ஒரு மாதம் சரசக்கா, ஒரு மாதம் மாஷ். முறைக்காரர் மட்டும் ஆறாம் தேதி கொடுப்பார்.

மூன்று வருஷம் கழித்து எனக்குக் கோயமுத்தூரில் வேலை கிடைத்தது. அதற்குள் கடன் வீட்டைவிடக் குட்டையாகிவிட்டது. ரோட்டில் தார் போட்டு, பஸ் ஸ்டாப் வந்து, எங்கள் லைன் வீட்டுக்கே ஒரு மரியாதை வந்திருந்தது. கிளம்புகிற மாதம் என் முறை. பெட்டியைக் கட்டிவிட்டு, சாளைக்குப் போய் அந்த மாதத்து இருபது ரூபாயை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. என் கையை மடக்கி எனக்கே திருப்பினார். ஐந்து வருஷத்தில் வாயில் ஆணி இல்லாமல் அவர் என்னிடம் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

"வெச்சுக்கங்க தம்பி. பேங்க்குக்கு இந்த மாசம் நா கட்டிக்கறனுங்க. இதையும் குடுத்துப்போட்டீங்கன்னா, அப்பறம் நா எதச் சொல்லிக்கிட்டுங்க உங்க ஊட்டுக்கு வாரது?"

என் வீட்டுக்கு இப்போது கான்கிரீட் கூரை. ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. அந்த இருபது ரூபாயை நான் இன்றுவரை கொடுக்கவில்லை. ஆறாம் தேதி காலையில் மாடியில் ஏதாவது சத்தம் கேட்டால், காக்கையாக இருக்கும் என்று தெரிந்தும், ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.